பொம்மைக்குக் கை வைத்த அண்ணாச்சி

சிவகாசியில் எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்காமல் அக்குளைப் பார்க்கும் ஒரே மனிதர் அவர்தான். எங்கள் காலண்டர் அச்சகத்தில் அவருக்குப் பெயரே ‘அக்குள் அண்ணாச்சி’. பேப்பர் வெட்டும் மிஷின் அவருடையது. நான் பக்கத்து மேஜையில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் தூக்குவாளியைத் திறந்தால், அவர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொம்மையை எடுப்பார். கல்யாணமாகிப் போன மகள் விட்டுச்சென்றது. அதற்கு ஒரு சட்டை தைத்தார்; சட்டைக்கை சரியாக உட்காரவில்லை. அன்றிலிருந்து பிடித்தது பித்து. பொம்மையின் முழங்கை மடங்காது, விரல்கள் விரிந்து நிற்கும். இறுக்கித் தைத்தால் நுழையாது. தளர்த்தித் தைத்தால் பை மாதிரித் தொங்கும். பிசகிய காலண்டர் தாள்களில் வரைந்து வெட்டுவார். ஜனவரியில் இடது கை, பிப்ரவரியில் வலது கை.

ஆயுத பூஜையன்று முதலாளி சூடத்தட்டைத் தூக்கியதும், எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள, இவர் அருகில் போனார். “மொதலாளி, கையை எறக்கிறாதீக.” சட்டை எங்கே இழுக்கிறது என்று குனிந்து பார்த்தார். ஏதோ சாஸ்திரமென்று எண்ணி, முதலாளி சூடம் அணையும்வரை நின்றார்.

பைண்டிங்கில் மாரியக்கா சேர்ந்தார். எம். புதுப்பட்டிக்காரர். எப்போதோ பட்டாசுத் தீயில் வெந்த வலது கை மடங்காது. ரவிக்கை நுழையாததால் வீட்டுக்காரரின் சட்டையைத்தான் போட்டு வருவார். மகன் கல்யாணத்தில்கூட மேடையேறப் போவதில்லை என்று சொல்லியிருந்தார்.

அண்ணாச்சி நேரே அவரிடம் போனார். “எம் பொம்மைக்கும் இப்படித்தான், கை மடங்காது.”

மாரியக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அதுக்கு எப்படி மாட்டி விடுதீக?”

அப்புறம் இருவரும் மதியம் முழுக்க அதே பேச்சு. சட்டைக்கையின் அடித்தையலை மூடாமல் விட்டு, அக்குளிலிருந்து விளிம்புவரை சின்னக் கொக்கிகள் வைக்கலாம் என்று மாரியக்காதான் சொன்னார். அண்ணாச்சி பொம்மைக்கு மூன்று தைத்துக் கெடுத்தார். நான்காவது, சுருக்கமில்லாமல் உட்கார்ந்தது. மாரியக்காவின் பழைய ரவிக்கையில் அளவெடுத்து, அதையே பெரிதாக வெட்டினார்.

கல்யாணத்தில் அரக்கு நிற ரவிக்கையோடு மாரியக்கா மேடையேறி, வலது கையாலேயே அட்சதை போட்டார். கூட்டத்தில் அழாமல் இருந்தது அண்ணாச்சி மட்டும்தான். அவர் தோள்தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் என்னையும் வெகுநேரம் பார்த்தார். “ஒங்களுக்கு இடது தோளு ஒரு விரக்கடை எறக்கம், சார்” என்றார்.

இத்தனை வயதில் என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்தவர் வேறு யாருமில்லை.