ஞாயிறு காலை ஆறு மணிக்கு உலகம் அழிந்தது

உலகம் அழிந்தால் குடும்பத்தைக் காப்பாற்றத் தன்னால் முடியும் என்பதில் லிஃப்ட் மெக்கானிக்குக்குத் துளிகூடச் சந்தேகம் இருந்ததில்லை. உலகம்தான் ஒத்துழைக்காமல் இருந்தது.

இருபது வருஷமாக அடுக்குமாடிக் கட்டிடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அவர். இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கிக்கொண்டு அலறுகிறவர்களிடம், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "பதறாதீங்க, நான் வந்துட்டேன்" என்று சொல்லிச் சொல்லியே, ஆபத்து என்று வந்தால் ஊர் தன்னைத்தான் தேடும் என்ற எண்ணம் அவருக்குள் ஊறிப்போயிருந்தது. வீட்டில் மட்டும் யாரும் அவரைத் தேடவில்லை. குழாய் ஒழுகியபோது தேடினார்கள். அப்போது அவர் அகப்படவில்லை.

இந்த நேரத்தில்தான் டிவியில் 'மிச்சம் பதினொரு பேர்' தொடர் வந்தது. ஒரு நச்சுப் புழுதி வீசி உலகமே காலியாகிவிடுகிறது. பழைய பஸ் டிப்போ ஒன்றில் பதினொரு பேர் மட்டும் பிழைத்துக் கிடக்கிறார்கள். அவர்களில் ஒரு ராணுவக்காரர் உண்டு, ஒரு டாக்டர் உண்டு, ஒரு இன்ஜினியர்கூட உண்டு. ஆனால் தலைவி யார் என்றால், ஒரு விடுதிச் சமையல்காரம்மா. அந்தம்மா கரண்டியை நீட்டினால் ராணுவக்காரர் எழுந்து நிற்கிறார். மெக்கானிக்குக்கு இது தொண்டையில் முள்ளாகச் சிக்கியது.

தொடருக்கென்று ஒரு நேயர் பக்கம் இருந்தது. பார்த்தவர்கள் போனில் கருத்து எழுதலாம். அவர் எழுதினார். 'சமையல்காரி தலைவியாவது நம்பும்படியாக இல்லை. நெருக்கடியில் கருவி பிடிக்கத் தெரிந்த ஆண்பிள்ளைதான் முன்னால் நிற்பான். இது என் இருபது வருஷ அனுபவம்.'

அரை மணி நேரத்தில் யாரோ ஒரு அம்மாள் பதில் போட்டாள்: 'தம்பி, உங்க வீட்டுல உப்பு டப்பா எங்க இருக்குன்னு தெரியுமா?'

அந்தப் பதிலை இருநூற்று நாற்பது பேர் ரசித்தார்கள். மெக்கானிக் ஓசைப்படாமல் சமையலறைக்குப் போய் நாலு டப்பாவைத் திறந்து பார்த்து, ஐந்தாவதில் கண்டுபிடித்தார். வாயில் போட்டுப் பார்த்தார். சர்க்கரை.

கோபத்தில் மனிதன் செய்கிற காரியம் எதுவும் உருப்படுவதில்லை. அவர் மறுபடியும் எழுதினார். 'வருகிற ஞாயிறு காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, கரண்ட், கேஸ், போன், கடை எதுவும் இல்லாமல், உலகம் அழிந்ததாகவே வைத்துக்கொண்டு என் வீட்டை நடத்திக் காட்டுகிறேன். பார்த்துவிட்டுப் பேசுங்கள்.'

நேயர்கள் மகிழ்ந்துபோனார்கள். இரண்டே நிபந்தனை. ஒன்று, நடுநிலையான சாட்சி ஒருவர் வேண்டும். இரண்டு, கடைசியில் வீட்டுக்காரம்மாவின் கருத்தும் வேண்டும்.

முதலாவது சுலபம். எதிர்வீட்டுத் தையல்காரர் இருந்தார். அவர் மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்ததால், யார் எதற்குக் கூப்பிட்டாலும் வருகிற நிலையில் இருந்தார். இரண்டாவதுதான் இடித்தது. மெக்கானிக்கின் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிறவளுக்குப் புருஷனின் முகத்தைப் படிப்பதா கஷ்டம்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை உனக்கு வேலை ஏதும் இருக்கா?"

"ஏன்?"

"உலகம் அழியப்போகுது."

"எத்தனை மணிக்கு?"

"காலையில ஆறு. சாயங்காலம் ஆறு மணிக்குச் சரியாயிடும்."

அவள் ஒரு சட்டையை மடித்து முடித்தாள். "உங்களுக்கு மட்டும் அழியுதா, எனக்கும் சேர்த்தா?"

"உலகம்னா எல்லாருக்கும்தான்."

"அப்ப அன்னிக்கு நான் சமைக்க வேண்டாம்."

"கேஸே கிடையாதே."

"துவைக்க வேண்டாம், பெருக்க வேண்டாம்."

"குழுவுக்குத் தேவையானதைத் தலைவர் சொல்லுவார்."

"தலைவர் யாரு?"

"நான்தான்."

"தலைவலின்னா சொல்லுங்க, மாத்திரை இருக்கு" என்றாள் அவள். பிறகு, "சரி, அழியட்டும்" என்றாள்.

இவ்வளவு சீக்கிரத்தில் அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. மெக்கானிக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவர் மெயின் சுவிட்சை இறக்கினார், கேஸை மூடினார், போன்களை அலமாரியில் வைத்துப் பூட்டினார். தையல்காரர் கழுத்தில் அளவு டேப்போடு வந்து சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி எழுந்திருக்கவில்லை. ஏழரைக்குத்தான் வந்து பால்கனிப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு தடிப் புத்தகத்தைப் பிரித்தாள்.

"குழு கவனிக்கவும்" என்றார் மெக்கானிக். "முதல் கட்டம், உணவு."

உணவுக்கு அவர் ஏற்பாடு செய்திருந்தார். பன்னிரண்டு டின் பீன்ஸ். எடுத்து மேஜைமேல் வரிசையாக அடுக்கினார். பிறகு ஒவ்வொரு இழுப்பறையாக இழுத்துப் பார்த்தார்.

"டின் திறக்கிறது எங்க இருக்கு?"

"தலைவருக்குத் தெரிஞ்சிருக்குமே" என்று அவள் புத்தகத்தில் ஒரு பக்கம் புரட்டினாள்.

கருவி பிடிக்கத் தெரிந்தவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். முதல் குத்தில் டின் உருண்டது. இரண்டாவது குத்தில் மேஜை ஓட்டையானது. மூன்றாவதில் டின் திறந்துகொண்டது. ஆனால் உள்ளே இருந்ததில் முக்கால் பங்கு சுவருக்கும், மீதி சாட்சியின் சட்டைக்கும் போய்ச் சேர்ந்தது.

தையல்காரர் சட்டையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். "மாப்ள, எனக்கு எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் பழக்கம்" என்றார் மெதுவாக.

அப்போது மனைவி எழுந்து போய் ஒரு தட்டு கொண்டுவந்தாள். ரொட்டி, வெண்ணெய், உரித்து வைத்த முட்டை ஆறு.

"இது எப்படி வந்தது?" என்றார் மெக்கானிக்.

"நேத்தே வேகவெச்சது. அழியப்போகுதுன்னு முன்கூட்டியே சொன்னீங்களே. சொன்னதுக்கப்புறமும் ஏற்பாடு பண்ணாம இருந்தா என்ன பொம்பளை?" தட்டைத் தையல்காரர் பக்கம் நகர்த்தினாள். "அண்ணே, நீங்க உயிரோடதானே இருக்கீங்க?"

"அப்படித்தான் நினைக்கிறேன் தங்கச்சி."

"அப்ப நீங்களும் மிஞ்சினவர்தான். வெறும் சாட்சி இல்லை, குழுவுல ஒருத்தர். உங்களுக்கும் ஓட்டு இருக்கு."

"ஓட்டா?" என்றார் மெக்கானிக்.

"தொடர்ல எல்லாமே ஓட்டெடுப்புதானே. மூணாவது வாரம் பார்க்கலியா? தலைவரை மாத்தணும்னா கையைத் தூக்கணும்." அவள் கையைத் தூக்கினாள்.

தையல்காரரின் ஒரு கையில் முட்டை இருந்தது. அவர் மெக்கானிக்கைப் பார்த்தார். பீன்ஸைப் பார்த்தார். இன்னொரு கையைத் தூக்கினார்.

எட்டேகால் மணிக்கு, இரண்டு மணி நேரம் பதினைந்து நிமிஷம் ஆண்ட பிறகு, மெக்கானிக்கின் ஆட்சி கவிழ்ந்தது.

புதிய தலைவி புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டே உத்தரவு போட்டாள். "முதல்ல தண்ணி. சமையலறைக் குழாய்ல சொட்டுச் சொட்டா வீணாப்போகுது. உலகம் அழிஞ்ச நேரத்துல ஒரு சொட்டு ஒரு உயிர். சரி பண்ணுங்க."

"அதை அடுத்த வாரம்..."

"அடுத்த வாரம் நாம இருப்போமா?"

வாதத்தில் பழுதில்லை. அவர் குழாயைக் கழற்றினார். இரண்டு வருஷமாக ஒழுகியது இருபது நிமிஷத்தில் நின்றது.

"அடுத்தது பாதுகாப்பு" என்றார் அவர், கையைத் துடைத்தபடி. இழந்த ஆட்சியை வேறு வழியில் பிடிக்கலாம் என்று ஒரு நப்பாசை. "எதிரி உள்ளே வராம வாசல்ல ஒரு அரண் கட்டணும்."

"முதல்ல பரண். அப்புறம் அரண்" என்றாள் தலைவி. "பொருள் தேடப் போறவங்க பழைய கட்டிடத்துல நுழைவாங்கல்ல, அந்த மாதிரி. மேல ஏறி, எது உதவும் எது உதவாதுன்னு பார்த்துச் சொல்லுங்க."

பரணில் எட்டு வருஷத்துத் தூசி இருந்தது. தொடரில் வந்த நச்சுப் புழுதி இதற்கு எவ்வளவோ தேவலை என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். ஓடாத மிதிசைக்கிள். மூடி இல்லாத மூன்று பிளாஸ்க். பழைய லிஃப்ட்களில் இருந்து கழற்றிய பொத்தான்கள் ஒரு பை நிறைய.

"இது குழுவுக்கு உதவுமா?" என்று மிதிசைக்கிளைக் காட்டிக் கேட்டாள்.

"இதை மிதிச்சுக் கரண்ட் எடுக்கலாம்."

"எடுங்க."

அவர் மிதித்தார். செயின் கழன்று விழுந்தது. ஓட்டெடுப்பு நடந்தது. இரண்டுக்கு ஒன்று. சைக்கிள் வாசலுக்குப் போனது. பிளாஸ்க், இரண்டுக்கு ஒன்று. பொத்தான் பைக்கு அவர் கண்கலங்கப் பேசிப்பார்த்தார். தையல்காரர் இரக்கப்பட்டு, "பொத்தான்னா நான் வேணா வாங்கிக்கிறேன் மாப்ள" என்றார். பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "சட்டைக்கு ஆகாது" என்று கையைத் தூக்கிவிட்டார்.

மத்தியானத்துக்கு மேல், தூரத்து எதிரியைக் கண்காணிக்க வசதியாக ஜன்னல் கண்ணாடிகள் துடைக்கப்பட்டன. ஆயுதம் வேண்டும் என்பதற்காக வீட்டில் இருந்த கத்தி அத்தனையும் சாணை பிடிக்கப்பட்டது. சுவரில் அப்பியிருந்த பீன்ஸைத் தடயம் என்று சொல்லித் தேய்த்துக் கழுவ வைத்தாள். தையல்காரர் மேற்பார்வை பார்த்தார். நடுநடுவே தூங்கினார்.

ஐந்து மணிவாக்கில் மெக்கானிக் ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"ரெண்டு வருஷமா இதெல்லாம் நான் வாய் வலிக்கச் சொல்லியிருக்கேன்" என்றாள். குரலில் கேலி இல்லை. "உங்க காதுல விழணும்னா உலகமே அழிய வேண்டியிருக்கு."

அவர் தண்ணீரைக் குடித்தார். வெறுமையாக இருந்த பரணையும், வெளிச்சம் ஏறியிருந்த ஜன்னலையும் பார்த்தபோது, இது தன் வீடுதானா என்று இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு அவர் இன்னும் அழியவில்லை.

ஆறு மணிக்கு உலகம் திரும்பி வந்தது. நேயர் பக்கத்தில் கூட்டம் காத்திருந்தது. மெக்கானிக் தோல்வியை எழுதுவதா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். ஓட்டெடுப்பை விட்டுவிட்டு மற்றதை எழுதினார். 'பன்னிரண்டு மணி நேரம் முடிந்தது. குழு பத்திரம். யாரும் பட்டினி இல்லை. தலைமை பற்றிய என் கருத்தில் மாற்றம் இல்லை.'

"குடுங்க" என்று மனைவி போனை வாங்கிக்கொண்டாள். "என் கருத்தும் கேட்டாங்கல்ல."

அவர் எட்டி எட்டிப் பார்த்தார். அவள் நிதானமாக எழுதி, நீட்டினாள்.

'என் கணவர் எழுதியது உண்மை. நான் நாள் பூராவும் கதைப் புத்தகம்தான் படித்தேன். குழாய் பழுது பார்த்தது, பரண் ஒழித்தது, ஜன்னல் துடைத்தது, கத்தி தீட்டியது, சுவர் கழுவியது எல்லாம் அவர்தான். முகம் சுளிக்கவே இல்லை. இப்படி ஒரு தலைவர் எல்லா வீட்டுக்கும் கிடைக்க வேண்டும்.'

இரண்டு தடவை படித்தார். எங்கேயும் ஊசி இல்லை. தன்னைக் காட்டிக்கொடுக்காமல் இப்படித் தூக்கி வைத்துவிட்டாளே என்று அவர் நெஞ்சு நெகிழ்ந்துபோனது. அடியில் கருத்துகள் மளமளவென்று விழுந்தன. அத்தனையும் பெண்கள். 'ஐயா, நீங்கதான் உண்மையான தலைவர்.' 'நான் நினைச்சது தப்பு, மன்னிச்சிடுங்க தம்பி.' உப்பு டப்பா அம்மாளேதான். மெக்கானிக் வரிசையாக எல்லோருக்கும் பதில் எழுதினார். 'ஆபத்து என்று வந்தால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். நான் வருவேன்.'

"அதை நல்லாப் பெரிய எழுத்துல போடுங்க" என்றாள் மனைவி.

போட்டார். ஐந்து நிமிஷத்தில் அவளுடைய போன் அடித்தது. அவள் உள்ளே போய்ப் பேசிவிட்டுச் சிரித்த முகத்தோடு வந்தாள்.

"யாரு?"

"எங்க அண்ணி. நீங்க எழுதினதைப் படிச்சாங்களாம். அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுல உலகம் அழியுது. மூணு ரூமுக்கு வெள்ளையடிக்கணுமாம், தலைவரை ஆறு மணிக்கே அனுப்பிடறேன்னு சொல்லிட்டேன்."