சௌனா சூடாகும் வரை

இந்தக் கோடையில் மன அமைதி அடைந்தே தீருவது என்று முடிவு செய்தேன். அதற்காக யாரோடு வேண்டுமானாலும் சண்டை போடத் தயாராக இருந்தேன்.

ஃபின்லாந்துக்காரன் பேசாமலிருக்கப் பயிற்சி எடுப்பது, மீன் நீச்சல் வகுப்பில் சேர்வது மாதிரி. ஆனாலும் குளிர்காலம் முழுக்க எங்கள் ஊர் மாலைப் பள்ளியில் தியானம் கற்றேன். என் மனைவி கைசு அதைக் கவனிக்கவே இல்லை. வீட்டில் எந்த வித்தியாசமும் தெரியவில்லையாம்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஜூலையில் ஒரு வாரம், எங்கள் ஏரிக்கரைக் குடிசையில், நானும் என் மூச்சும் மட்டும்.

ஜூன் மாதக் கடைசியில், குடிசைக்குப் போனதும் கைசுவிடம் கேட்டே விட்டேன், தியானம் பண்ண ஒரு வாரம் குடிசை வேண்டும் என்று.

"தியானமா? காபி கொதிக்கிற வரைக்கும்கூட ஒரு இடத்துல நிக்க மாட்டியே, உர்ஹோ!"

"இப்ப முடியும்."

"பந்தயமா? நீராவிக் குளியலுக்குச் சௌனா அறையில அடுப்பு மூட்டுறேன். அது சூடாகுற வரைக்கும் படகுத்துறையில உக்காரு. கண்ணைத் திறக்கக் கூடாது, பேசக் கூடாது, அசையக் கூடாது. ஜெயிச்சா ஒரு வாரம் குடிசை உனக்கு."

"தனியா?"

"தனியா!"

உட்கார்ந்தேன். மூச்சு உள்ளே போயிற்று, வெளியே வந்தது. பலகைக்கு அடியில் தண்ணீர் எதையோ சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்துபோனது. ஒரு கொசு என் மூக்கில் இறங்கி, சொந்தபந்தங்களையும் அழைத்தது. நான் மலை. மலைக்கு எங்காவது மூக்கு அரிக்குமா?

கைசு பக்கத்திலேயே வீட்டு விரிப்புகளைத் துவைக்க ஆரம்பித்தாள். ஈர விரிப்பின் ஓரத்தை என் முழங்காலுக்கு அடியில் செருகினாள்.

"இரு, இரு, எழுந்திரிக்காதே. ஏரிக்குள்ள நழுவிப் போயிடும்."

மலை அதையும் பொறுத்தது.

துடுப்புச் சத்தம் கேட்டது. பக்கத்துக் குடிசை வெய்க்கோ.

"கைசு, உர்ஹோ உயிரோட இருக்கானா?"

"தியானம் பண்றான்."

"பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"நல்ல வேளை வந்தே. நீதான் சாட்சி. உர்ஹோ, எங்க அக்கா ஐலி ஜூலை முழுக்கக் குடும்பத்தோட இங்க வந்து தங்கட்டுமான்னு கேக்குறா. வேண்டாம்னா இப்பவே சொல்லிடு."

ஐலி! நாடே பேசாமல் மிச்சம் பிடித்து வைத்த வார்த்தைகளை ஒருத்தியாகச் செலவழிப்பவள். வாயைத் திறந்தால் என் வாரம் போச்சு. திறக்காவிட்டால் ஜூலை போச்சு. யோசித்தேன். எப்படியும் அதில் ஒரு வாரம் என்னுடையது. அந்த வாரம் ஐலி வேறெங்காவது போகட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தியானித்தேன்.

"ஏதாவது சொன்னானா, வெய்க்கோ?"

"மூச்சே விடல."

எங்கள் ஊர்க் கூட்டங்களில் எல்லாத் தீர்மானங்களும் இப்படித்தான் நிறைவேறுகின்றன.

சௌனா சூடாயிற்று. கைசு என் வீங்கிய மூக்கில் முத்தமிட்டாள்.

"ஜெயிச்சுட்டே! நீ அசையவே இல்ல. நானே அசந்துட்டேன்."

"அப்ப ஜூலையில என் வாரம்?"

"ஜூலையிலதான் ஐலி இருக்காளே. தனியாங்கிறதை மட்டும்தானே கேட்டே? மாசத்தைக் கேக்கவே இல்லையே."

இதை நவம்பரில், குடிசையிலிருந்து எழுதுகிறேன். ஏரி உறைந்துவிட்டது. கொசு இல்லை. ஐலி இல்லை. ஆசைப்பட்டபடியே நானும் என் மூச்சும் மட்டும்தான்; மூச்சு கண்ணுக்கே தெரிகிறது.