முக்கீபியின் நானூற்றுப் பன்னிரண்டு விளையாட்டுகள்

கணினியில் விளையாடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். விளையாட்டுகளைக் குடிமாற்றிக்கொண்டே இருப்பவர்களைத் தெரியுமா? அது தனி இனம். தள்ளுபடியில் கண்டதையெல்லாம் வாங்குவார்கள், வகைவாரியாக அடுக்குவார்கள், இடம் போதவில்லையென்று பெருமூச்சு விடுவார்கள், புது ஹார்ட் டிஸ்க் வாங்கி அத்தனையையும் அதில் ஏற்றுவார்கள், ஏற்றி முடித்த அலுப்பில் கணினியை அணைத்துவிடுவார்கள். ஆடுவது? அதற்கு எங்கே நேரம்?

உகாண்டாவின் கம்பாலாவில், கிஸாஸிப் பகுதியில், எங்கள் பக்கத்து வீட்டு முக்கீபி இந்த இனத்தின் முழு வளர்ச்சி. இரட்டைப் பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்து ஊர் வழக்கப்படி அவர் எல்லோருக்கும் ஸலோங்கோ. அவர் மனைவி நலோங்கோ.

"நானூத்திப் பன்னெண்டு கேம் இருக்கு எங்கிட்ட!"

"எத்தனைய ஆடியிருக்கீங்க, ஸலோங்கோ?"

"என்ன அவசரம்? எங்க ஓடிடப் போகுது?"

ஒரு சனிக்கிழமை மதியம் என்னையும் நண்பர் வைஸ்வாவையும் கணினியில் கால்பந்து ஆட அழைத்தார். வறுத்த வேர்க்கடலையோடு போனோம். மேசையில் பளபளவென்று புது டிஸ்க்.

"பத்தே நிமிஷம். கேமெல்லாம் புது டிஸ்க்குக்குக் காப்பி ஆயிட்டிருக்கு, உக்காருங்க."

திரை பதினொரு நிமிடம் என்றது. கடலையில் பாதி தீர்ந்தபோது மூன்று மணி நேரம் என்றது. பிறகு ஒரு நாளும் ஒன்பது மணி நேரமும். பிறகு நாற்பது விநாடி. அந்த நாற்பது விநாடி அரை மணி நேரம் நீடித்தது. முக்கீபி பிரசவ அறை வாசலில் நிற்பவரைப் போல நின்றார். மவுஸை யாரும் தொடக் கூடாது. தேநீருக்காக நலோங்கோ மின்கெட்டிலைப் போடப் போக, பாய்ந்து தடுத்தார்.

"லோடு ஏறி கரண்ட் போச்சுன்னா என்ன ஆகிறது!"

"என் தோட்டம் பத்திரம்தானே?" என்று நலோங்கோ கேட்டாள்.

அவள் மருத்துவமனையில் தாதி. ஆடுவது ஒரே ஒரு விளையாட்டு. நான்கு வருடங்களாக அதில் ஒரு தோட்டம் வளர்த்திருந்தாள்: வாழை, காப்பிச் செடி, முப்பத்திரண்டு மாடுகள், ஒவ்வொன்றுக்கும் தன் அத்தைமார் பெயர்.

"எல்லாத்தையும் ஃபோல்டரோட தூக்கிட்டேன், கவலைப்படாத."

ஒருவழியாகக் காப்பி முடிந்தது. முக்கீபி கோல் போட்டவரைப் போலக் கைகளை உயர்த்தினார். அடுத்த நொடியே பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் துடைத்து அழிக்கப் போனார்.

"முதல்ல ஒவ்வொண்ணாத் திறந்து பாத்துக்கலாமே," என்றார் வைஸ்வா.

"எத்தன தடவ மாத்தியிருக்கேன்! எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

துடைத்தார். சுத்தமாக.

நலோங்கோ வந்து உட்கார்ந்தாள். விளையாட்டு திறந்தது. "புதிய தோட்டம்" என்று ஒரே ஒரு பொத்தான். வாழை இல்லை. ஓர் அத்தைகூட இல்லை.

"என் மாடெல்லாம் எங்க?"

"கேம் இருக்கே, பாரு! முன்னவிட எவ்வளவு வேகமாத் திறக்குது!"

"வேகமாத் திறந்து வெத்து நிலத்தக் காட்டுது."

விளையாட்டு வந்திருந்தது. ஆடியதன் பதிவு வேறொரு ஃபோல்டரில், துடைத்த டிஸ்க்கில் இருந்திருக்கிறது. ஆடியவர்களுக்கல்லவா அது எங்கே இருக்கும் என்று தெரியும்?

அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓட்டினார். பெயரில்லாத ஒன்பதாயிரம் கோப்புகள் வந்தன. ஒரு கன்றுக்குட்டிகூட வரவில்லை.

"வார்டுல யாராவது செத்துப்போன அன்னைக்கெல்லாம் நான் நேரா வந்து உக்கார்ற இடம் அது," என்றாள் நலோங்கோ. குரலை உயர்த்தவே இல்லை. நானும் வைஸ்வாவும் கடலைத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முக்கீபியின் முகத்தில் முதல் முறையாக ஒரு வெட்கம் தெரிந்தது.

அவள் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க. நீங்களே உழுங்க. முப்பத்திரண்டு மாடு வர்றவரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

உழுதார். அவரைக்கொட்டை விதைத்தார். தண்ணீர் ஊற்ற மறந்தார்; திட்டு வாங்கினார்; மறுபடி விதைத்தார். திருந்திவிட்டார் என்றே நினைத்தேன். பதினைந்தாவது நிமிடம் மெல்லத் திரும்பி என் காதருகே சொன்னார்:

"இந்த டிஸ்க் கொஞ்சம் மெதுவா இருக்கோ? இதவிட வேகமா ஒண்ணு வந்திருக்காம்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பழைய போனிலிருந்து புதிய போனுக்குப் பத்திரமாக மாற்றினீர்களே ஆறாயிரம் படங்கள், அதில் எதைத் திறந்து பார்த்தீர்கள்? இந்தக் கட்டுரையையும் பாதியில் நிறுத்திப் பிறகு படிக்கலாமென்று எங்கோ சேமித்துவைத்துத்தானே இப்போது முடிக்கிறீர்கள்? இல்லையா? அப்படியென்றால் உங்களைச் சொல்லவில்லை. சேமித்துவைத்துவிட்டு இன்னும் திறக்காதவரைச் சொன்னேன்.