உறிஞ்சி சாமியும் ஒரு வாய் தேத்தண்ணியும்

ஹட்டன் ரயில் ஸ்டேசனுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு இறங்கியிருந்தார் உறிஞ்சி சாமி. 1957இல் இலங்கை மலைநாட்டில் அவரைத் தெரியாதவர் யார்? யாரோ சோற்றில் கலந்து கொடுத்த இடுமருந்து வயிற்றில் கட்டிக்கொண்டு நோயாகிறதாம். சாமி வயிற்றில் வாயை வைத்து உறிஞ்சினால் அது உருண்டையாக வெளியே வந்துவிடுமாம். கத்தி வேண்டாம், டாக்டர் வேண்டாம், மூளையும் வேண்டாம். வட்டவளையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் சனம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கியது. இடம் பிடித்திருக்கிறார் பாருங்கள்! வைத்தியத்துக்காக இந்தியாவுக்குக் கிளம்புகிறவர்கள் மூட்டை முடிச்சோடு, மடியில் காசோடு வந்து நிற்கிற இடம் அதுதானே.

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கிழவர் சோலைமலையின் குடும்பமும் அப்படித்தான் வந்து நின்றது. கிழவருக்கு மூத்திரப்பையில் கல். வலி வந்தால் லயத்து வரிசை வீடெல்லாம் விழித்துக்கொள்ளும். மதுரை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மைத்துனர், ஆபரேசனுக்குக் கட்டில் பிடித்து வைத்திருந்தார். மத்தியான ரயிலை விட்டால் தலைமன்னார் கப்பல் போய்விடும். கப்பல் போனால் கட்டிலும் போய்விடும். ஆனால் கூட்டத்தைப் பார்த்ததும் கிழவரின் மனைவி காளியாயி மூட்டையை இறக்கிவிட்டாள்.

"கடல் தாண்டிப் போயி கத்தி வைக்கணுமா? சாமி இங்கேயே எடுத்துருவாருடா."

மகன் அழகுமுத்து தலையைச் சொறிந்தான். அம்மா பேச்சைத் தட்டவும் தெரியாது, அப்பா முனகலைத் தாங்கவும் முடியாது. மருமகள் சண்முகவடிவு மட்டும் சாமியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னால் சாமி திரைக்குப் பின்னால் போய்க் கும்பிட்டுவிட்டு வருவார். வந்ததும் மௌனம். உறிஞ்சித் துப்பியதும் கடகடவென்று பேச்சு. என்ன விரதமோ, உருண்டை வெளியே வந்தால்தான் நாக்கு அவிழ்கிறது!

சோலைமலையின் முறை வந்தது. சாமி திரைக்குப் பின்னால் போய்த் திரும்பினார். மௌனம். கையாள் பழனியாண்டி கிழவரைப் பாயில் படுக்கவைத்து முழங்கினான்: "வீட்டுக்கு வந்த பொண்ணு ஒருத்தி வச்ச மருந்து! சாமி கண்ணுக்குத் தெரியுது!"

காளியாயி மருமகளை முறைத்தாள். சண்முகவடிவு வழிக்குக் கொண்டுவந்த போத்தலைத் திறந்து தேத்தண்ணியைத் தம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

"காலையிலேருந்து பாடுபடுறீங்க சாமி. ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டு மாமாவுக்கு எடுங்க."

சாமி வேண்டாமென்று தலையை ஆட்டினார். பழனியாண்டி குறுக்கே பாய்ந்தான். "சாமி விரதம்மா!"

"அப்ப கொப்பளிச்சாவது துப்பட்டுங்க. இத்தனை பேரு வயித்துல வச்ச வாயி இல்லையா?"

தோட்டத்துச் சனத்துக்கு இந்த நியாயம் புரியும். வருகிறவருக்கு முதலில் தேத்தண்ணி. நீட்டியதைத் தட்டினால் மனஸ்தாபம்தான். "வாங்கிக்குங்க சாமி, புள்ள ஆசையா குடுக்குது" என்று நாலா பக்கமும் குரல் எழுந்தது. சாமி பழனியாண்டியைப் பார்த்தார். பழனியாண்டி கூரையைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் சாமி ஒரு வாய் வாங்கினார். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, இருமல் வெடித்தது. மெழுகையும் தலைமுடியையும் சேர்த்து உருட்டிய கறுப்பு உருண்டை ஒன்று தம்ளருக்குள் பொத்தென்று விழுந்தது.

சாமியின் வாய் இன்னும் கிழவரின் வயிற்றுப் பக்கமே போகவில்லை.

கூட்டத்தில் ஒரு பக்தர் கையெடுத்துக் கும்பிட்டார். "தொடாமலேயே எடுத்துட்டாரே! என்ன சக்தி!"

சண்முகவடிவு திரையைப் பிடித்து இழுத்தாள். பின்னால் ஒரு தட்டு நிறைய அதே உருண்டைகள்.

"அந்தா பாருங்க! நாளைக்கு வரப்போற ஆளுங்க வயித்து மருந்துகூட இன்னிக்கே தயாரா இருக்கு!"

சனம் திரும்புவதற்குள் சாமியும் கையாளும் பின்பக்கத் தகரத்தை நெம்பிக்கொண்டு ஓடிவிட்டார்கள். ரயில் கூவியது. காளியாயி மூட்டையைத் தூக்கினாள். ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மருமகள் பக்கம் திரும்பினாள். "தேத்தண்ணி மிச்சமிருந்தா எனக்கும் ஒரு வாய் குடும்மா."

சோலைமலையின் கல்லை மதுரையில் கத்தி வைத்து எடுத்தார்கள். கிழவர் நிமிர்ந்து நடந்து ஊர் திரும்பினார். உறிஞ்சி சாமி அடுத்து பதுளைப் பக்கம் கொட்டகை போட்டாராம். அங்கேயும் கூட்டமாம்! வயிற்றுக்குள் இருக்கும் கல்லுக்கு அக்கரையில் டாக்டர் இருக்கிறார். தலைக்குள் கல்லை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறோமே, நமக்கு எந்தக் கப்பலில் ஏறினாலும் வைத்தியம் கிடையாது. யோசித்தால் கரையும், அவ்வளவுதான்.