சரிபார்ப்பு அதிகாரி லீவு

"சரிபார்ப்பு அதிகாரியைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்றார் தணிக்கைக்கு வந்த அம்மா.

மண்டல வளர்ச்சித் திட்டத்தில் நிதிக்கு ஒப்புதல் தருபவர் ஒருவர், அதைச் சரிபார்ப்பவர் வேறொருவர் என்பது அசைக்க முடியாத விதி. சரிபார்ப்பவர் ஓய்வுபெற்று மூன்று வருஷமாகிறது, புது ஆளை யாரும் அனுப்பவில்லை. அதனால் கண்காணிப்பாளரே காலையில் நீல மையில் ஒப்புதல் எழுதுவார். சாயங்காலம் பச்சை மையில் தன்னையே குடைந்து குடைந்து கேள்வி கேட்பார். மறுநாள் நீல மையில் பணிவாகப் பதில் எழுதுவார். விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும்.

"அவர் இன்னைக்கு லீவு மேடம்."

"பரவாயில்ல. நம்பர் குடுங்க, பேசிக்கிறேன்."

தன்னுடைய இன்னொரு நம்பரைக் கொடுத்துவிட்டு, "பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்று ஓடினார். உள்ளே தாழ்ப்பாள் போடுவதற்குள் போன் அடித்தது. கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு, "யாரு?" என்றார் கட்டைக் குரலில்.

"தணிக்கையிலிருந்து பேசறேன். உங்க கண்காணிப்பாளர் எப்படி?"

புகழ்ந்தால் சந்தேகம் வரும் என்று பயந்தார். "சரியான சோம்பேறி மேடம். எது கேட்டாலும் மழுப்பல்தான்."

"கோப்புல பார்த்தேன். நீங்கதான் பாவம், எவ்வளவு பொறுமையா கேட்டிருக்கீங்க."

மூன்று வருஷத்தில் முதல் பாராட்டு. மனசு குளிர்ந்துபோய், "நான் இல்லேன்னா இந்த ஆபீசை அந்த ஆளு இழுத்து மூடிடுவாரு" என்றும் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்தபோது அம்மா எழுதிக்கொண்டிருந்தார். "உங்களை சஸ்பெண்ட் பண்ணச் சொல்லி எழுதறேன். அவர் எல்லாத்தையும் சொல்லிட்டார்."

"அவர் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார் மேடம். நாங்க ரெண்டு பேரும் ரொம்ப நெருக்கம்."

"நெருக்கமா? நீங்க ரெண்டு பேரும் நெருக்கமா இருக்கவே கூடாதே." இன்னொரு குற்றச்சாட்டு ஏறியது.

"இல்ல மேடம், எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே கிடையாது."

"பேச்சே இல்லாம திட்டத்தை எப்படி நடத்தறீங்க?" மூன்றாவதும் ஏறியது.

வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் சரிபார்ப்பு அதிகாரிக்கும் சேர்த்தே வேலை போகும். சொல்லாவிட்டால் இவருக்கு மட்டும் போகும். இரண்டு வழியிலும் நாளைக்கு வீட்டில் உட்காரப் போவது இவர்தான்.

"மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதிப் பாருங்க" என்று எழுந்தார் அம்மா. "ஆனா அவங்க என்னை மாதிரி இல்ல. ரொம்பக் கறார்."

அவர் படியிறங்கிப் போனார். கோப்புக் கட்டை எடுக்க வந்த அவருடைய டிரைவர், கண்காணிப்பாளர் வெள்ளைத் தாள் தேடுவதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மேல்முறையீட்டை இப்பவே எழுதிக் குடுத்துடுங்க சார். மத்தியானத்துக்கு மேல அந்த நாற்காலியில உட்காரப் போறதும் அம்மாதான்."