கட்டுப்பாட்டுத் தட்டின் ஒழுங்கீனம்

எங்கள் ஆய்வகத்து மதிலோரம் தானாக முளைத்த ஒரு செடியின் இலைச்சாறு, மார்பகப் புற்றுநோய் செல்களைக் கொல்லுமா என்று பார்ப்பது எனக்கு இட்ட பணி. என் அக்காவுக்கும் அதே நோய்தான். ஊசி போட்டுக்கொண்டு வரும்போதெல்லாம், "உன் இலை என்னடி சொல்லுது?" என்பாள். அதனால் இந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் அவசரம்.

செய்முறை எளியது. ஒரு தட்டிலுள்ள செல்களுக்குச் சாறு விட வேண்டும். இன்னொரு தட்டைச் சும்மா விட வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் சாற்றின் யோக்கியதை தெரியும். ஆங்கிலத்தில் 'கண்ட்ரோல்' எனப்படும் அந்தச் சும்மா இருக்கும் தட்டுக்கு, எங்கள் சொல்லாக்கக் குழு பலமுறை கூடி, டீ குடித்து, 'கட்டுப்பாட்டுத் தட்டு' என்று பெயர் சூட்டியிருந்தது. வினை அங்கேதான் தொடங்கியது.

மாண்பமை இயக்குநர் பார்வையிட வந்தார். நுண்ணோக்கியில் குனிந்தவர் முகம் கறுத்தது.

"இது எந்தத் தட்டும்மா?"

"கட்டுப்பாட்டுத் தட்டு சார்."

"செல்லெல்லாம் இஷ்டத்துக்கு வளருதே. இதுவா கட்டுப்பாடு?"

"அது வளரணும் சார். வளர்ந்தாதான்..."

"கட்டுப்பாட்டுத் தட்டுலயே கட்டுப்பாடு இல்லேன்னா வெளியில நம்மள யார் மதிப்பா?"

உரிய நடவடிக்கை எடுக்குமாறு நிர்வாக அலுவலருக்கு ஆணை பறந்தது. மறுநாள் காலை நான் போனபோது அறையே கமகமவென்றிருந்தது; நிர்வாக அலுவலர் காலிப் புட்டியோடு நின்றிருந்தார்.

"என்ன சார் ஊத்தினீங்க?"

"பினாயில்தான். ரெண்டு தட்டுக்கும் சமமா ஊத்தினேன். பாரபட்சம்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது பாருங்க."

"அப்போ இலை கொன்னுச்சான்னு எப்படி சார் தெரியும்?"

"செத்துச்சா இல்லையா? அப்புறம் என்னம்மா ஆராய்ச்சி வேண்டிக்கெடக்கு?"

எனக்கு வயிறு எரிந்தது. இயக்குநருக்கோ உச்சி குளிர்ந்தது. மாலைச் செய்தியில், 'இலைச்சாறு ஆய்வு வெற்றி. மார்பகப் புற்றுநோய் முழுக் கட்டுப்பாட்டில்' என்று என் பெயரோடு சொன்னார்கள். மறுப்பு எழுதிக் கொடுத்தேன். மறுநாளே அதையும் கட்டுப்பாடின்மை என்று திருப்பி அனுப்பினார்கள்.

அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, செய்தியெல்லாம் சுத்தப் பொய். ஊசியை மட்டும் நிறுத்திடாதே."

"நான் எங்கடி நிறுத்தினேன்? இன்னைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். 'கட்டுப்பாட்டுக்குள்ள வந்த வியாதிக்கு ஊசி எதுக்கும்மா, மேலிடத்து உத்தரவு'ன்னு ஒரு கட்டு இலையைக் கையில குடுத்து அனுப்பிட்டாங்க."

அவள் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"என் தங்கச்சி கண்டுபிடிச்சதுன்னு சொன்னேன். டாக்டரே எழுந்து நின்னு கும்பிட்டார்டி."