ஆயி: பொறுப்பு யாருடையது?

கோண்ட்வா, புனே
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ருக்மிணி அக்காவுக்கு,

தம்பி ஜம்புநாதன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதுவது. இங்கே நானும் ஸ்ரீவித்யாவும் சௌக்கியம். அங்கே நீயும் அத்திம்பேரும் அம்மாவும் சௌக்கியம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் சௌக்கியமில்லை என்று நீ மூன்று முறை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாய். அடுத்த மாதம் பதினாலாம் தேதி உனக்கு முழங்கால் ஆபரேஷன், நீ எழுந்து நடமாடும்வரை மூன்று மாதம் அம்மாவை நான் வைத்துக்கொள்ள வேண்டும், இவ்வளவுதான் கேட்டிருந்தாய். மூன்று செய்திக்கும் நான் கைகூப்பும் பொம்மையை அனுப்பினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று நீ கேட்டாய். அப்போது எனக்கே தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கணினிக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் ஆராய்ச்சியில் இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். இந்த ஏ.ஐ. சமாசாரம் எங்கே போய் முடியும் என்று ஜனங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும், ஆராய்ச்சியாளனுக்கு அந்தக் கடமை உண்டு என்று எனக்கு ஒரு பைத்தியம். எங்கள் அடுக்குமாடி சொஸைட்டி கிளப் ஹாலில் மாதம் இரண்டு ஞாயிறு கூட்டம் போடுவேன். வருகிறவர்கள் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் ஏ.சி.க்காக வருகிறவர்கள், ஹர்ஷா என்கிற பையன் என்னிடம் சிபாரிசுக் கடிதம் வாங்க வருகிறவன். மற்றபடி ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஸ்ரீவித்யாதான், "இங்கிலீஷ்ல நோட்டீஸ் போட்டா யார் வருவா? கேட்ல இருக்கிற கரும்பலகையில மராத்தில எழுதச் சொல்லுங்கோ" என்றாள். நல்ல யோசனை. நாம் தேஹு ரோடு டிப்போ குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள், மராத்தி பேச வரும், எழுத எனக்குச் சோம்பல். ஆகவே ஆங்கில எழுத்திலேயே மராத்தியை ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கி வாட்ச்மேன் தோண்டிபாவிடம் கொடுத்தேன். "Ai: அடுத்த ஐந்து வருஷம். பொறுப்பு யாருடையது?" இதுதான் வாசகம். தோண்டிபாவுக்கு முத்து முத்தான கையெழுத்து. தேவநாகரியில் பெரிதாக எழுதி, சுற்றிப் பூவும் வரைந்துவிட்டான். நான் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. Ai என்று எழுதினால் மராத்திக்காரன் ஆயி என்றுதான் படிப்பான், ஆயி என்றால் அம்மா என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை அங்கேதான் ஆரம்பித்தது.

ஞாயிறு ஐந்து மணிக்கு ஹாலில் அறுபது பேர். நாற்காலி போதாமல் ஜன்னல் திட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, கடைசியில் விஞ்ஞானம் ஜெயித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஹிந்தியில் ஆரம்பித்தேன். "பேசினால் பதில் வரும், புரிந்துகொண்டுதான் சொல்கிறது என்று நாம் நம்புவோம். புரிந்திருக்காது" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். "நடக்காததை நடந்ததாக அடித்துச் சொல்லும். திருத்தினால் மன்னிப்புக் கேட்கும், மறுநிமிஷம் அதையே சொல்லும்" என்றேன். முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருபது வருஷ ஆராய்ச்சியில் என் பேச்சுக்கு எல்லோரும் கொட்டாவிதான் விட்டிருக்கிறார்கள், யாரும் அழுததில்லை. உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "தனியாக விடக் கூடாது, பக்கத்தில் எப்போதும் ஒரு மனுஷர் வேண்டும்" என்றேன். கைதட்டல்! அதோடு நிறுத்தியிருக்கலாம். "கடைசியில், பிளக்கைப் பிடுங்குகிற உரிமை யார் கையில் இருக்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டேன்.

எழுபது வயதிருக்கும் ஜோக்ளேக்கர் என்பவர் மெதுவாக எழுந்தார். "நாங்க அண்ணன் தம்பி மூணு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டோம் சார். ஆயிய ஐசியூல பதினெட்டு நாள் வச்சிருந்தோம். சாயங்காலம் குழாயெல்லாம் எடுத்துட்டாங்க. அது சரியா தப்பான்னு இன்னி வரைக்கும் எங்களுக்குள்ள பேசிக்கல. இந்த போர்டைப் பார்த்துத்தான் வந்தேன். நீங்க சொல்லுங்க, சரியா தப்பா?" என்றார். கதவோரம் நின்ற தோண்டிபாவைப் பார்த்தேன். என்ன எழுதினாய் என்று சைகையில் கேட்டேன். "ஆயி ம்ஹண்ஜே ஆயீச் நா, ஸாஹேப்?" என்றான். ஆயி என்றால் ஆயிதானே ஐயா என்று! இது கம்ப்யூட்டர் கூட்டம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஜோக்ளேக்கர் இன்னும் உட்காராமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, அக்கா. தப்பில்லை என்றேன். அந்த மனிதர் உட்கார்ந்து விசும்பினார்.

அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒரு பெண், அம்மாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஆபீஸ் போகிறேன் என்றாள். யாரும் அவளைத் திட்டவில்லை. கடைசியில் கேம்ப் பகுதியில் தையல் கடை வைத்திருக்கும் அப்துல் காதர் பாய், ஆம்பூர்க்காரர், தமிழிலேயே கேட்டார்: "சார், ஒங்க அம்மா எங்க இருக்காங்க?"

"திருச்சில, அக்காகிட்ட."

"எத்தன வருசமா?"

"பதினோரு வருஷம்."

"அப்ப ஒங்க அக்காவ யாரு பாக்குறாங்க?"

பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, நான் அழுதுவிட்டேன். போன மாதம் வீடியோவில் அம்மா என்னை அப்பா என்று நினைத்துக்கொண்டு, "டிப்போலேர்ந்து வந்தாச்சா? காபி கலக்கட்டுமா?" என்று கேட்டாள். நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி நான் போனை வைத்தேன். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது. இதையும் அங்கே மைக்கில் சொல்லித் தொலைத்தேன். நீ பதினோரு வருஷமாக அவளைக் குளிப்பாட்டி, தலை வாரி, ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தூங்காமல் கிடக்கிறாய். நான் புத்தி இல்லாத மெஷினின் பொறுப்பு யாருடையது என்று மாதம் இரண்டு முறை விவாதித்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஆகவே முடிவாக எழுதுகிறேன். பன்னிரண்டாம் தேதி காலை நான் திருச்சியில் இருப்பேன். அம்மாவை நானே அழைத்து வருகிறேன். என் படிப்பறையை ஒழித்து ஸ்ரீவித்யா கட்டில் போட்டுவிட்டாள், பாத்ரூமில் கைப்பிடிகூட அடித்தாயிற்று. மூன்று மாதம் இல்லை, இனி அம்மா இங்கேதான். நீ நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொள். அத்திம்பேருக்கு என் நமஸ்காரம். அம்மாவின் காலில் விழுந்ததாகச் சொல். ஜம்புகேஸ்வரரும் அகிலாண்டேஸ்வரியும் உன் முழங்காலைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி ஜம்பு

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஒரு போன் வந்தது. நான் ஹாலில் அழுத வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறதாம். முதியோர் நலச் சங்கம் ஒன்று, "பெற்றவளைப் பேணுவது எப்படி" என்று என்னைப் பேசக் கூப்பிடுகிறது. முந்நூறு பேர் வருவார்களாம், பொன்னாடை உண்டாம். தேதி பன்னிரண்டு. அடுத்தடுத்த வாரங்களில் நாசிக், கோலாப்பூர். இப்படிப்பட்ட விஷயத்துக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஆபரேஷனை இரண்டு மாதம் தள்ளிப் போட முடியுமா என்று டாக்டரைக் கேள். நான் வருவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தால் மாற்றிச் சொல்ல வேண்டாம். அவளுக்குத்தான் நினைவிருக்காதே.